ஏசு வாழ்ந்த மனிதரா, கற்பனையா?

சரித்திரம் தரும் சாட்சியம்

ஆபீசில் தேதி போடும்போதும், சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடும்போதும் நாம் எழுதும் ஆண்டு எங்கிருந்து எண்ணப்படுகிறது? ஏசு கிறிஸ்து பிறந்ததாகக் கணக்கிட்ட ஆண்டில் இருந்து.

கோவிலுக்குப் போகிறவர், மசூதிக்குப் போகிறவர், எங்குமே போகாதவர் எல்லோரும் அந்தக் கணக்கைத்தான் எழுதுகிறார்கள்.

அப்படிப்பட்ட ஒருவர் உண்மையிலேயே இந்த மண்ணில் நடந்தாரா? அல்லது, சூரியனையும் நட்சத்திரங்களையும் வைத்துக் கட்டிய பழங்கதையா?

ஐரோப்பிய அறிஞர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். இதற்காக வேலையை இழந்தவரும் உண்டு. ஜெர்மனியில் போன் பல்கலைக்கழகத்தில் மத சாஸ்திரம் கற்பித்த புரூனோ பவர் என்பவர், சுவிசேஷங்களைக் கடுமையாக விமர்சித்து எழுதியதற்காக 1842-ல் கற்பிக்கும் உரிமையை இழந்தார். ஏசு என்று ஒருவர் இருந்ததே இல்லை என்ற முடிவுக்கு அவர் பின்னாளில் வந்தார்.

ஏசு தெய்வமா என்பது ஒரு கேள்வி. அது அவரவர் நம்பிக்கை. அந்தப் பெயரில் ஒரு மனிதர் வாழ்ந்தாரா என்பது வேறு கேள்வி. அதைச் சரித்திரம் விசாரிக்கலாம். சாட்சி கேட்கலாம். குறுக்கு விசாரணையும் செய்யலாம்.

சூரியனும் 12 ராசியும்

பிரெஞ்சுப் புரட்சி நடந்த காலத்தில்தான் இந்தச் சந்தேகம் பலமாகக் கிளம்பியது. வோல்னி என்ற பிரெஞ்சு அறிஞர் 1791-லும், துபுயி என்பவர் 1795-லும் இதைப் பற்றி எழுதினார்கள்.

"எல்லா மதக் கதைகளுக்கும் மூலம் சூரிய வழிபாடுதான். ஏசு என்பது சூரியன். 12 சீடர்கள் என்பது 12 ராசிகள்" என்பது துபுயி சொன்னதன் சாரம்.

கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால், இந்த முறையில் யாரை வேண்டுமானாலும் இல்லை என்று சொல்லிவிடலாமே என்று ஒருவர் வேடிக்கையாகப் பதில் கொடுத்தார்.

அவர் பெயர் பெரஸ். பிரான்சில் ஆஜன் என்ற ஊரில் நூலகராக இருந்தவர். நெப்போலியன் என்று ஒருவர் பிறக்கவே இல்லை என்று 1827-ல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நெப்போலியன் இறந்து அப்போது 6 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன!

பெரஸ் அடுக்கிய "ஆதாரங்கள்" இவை:

நெப்போலியன் என்ற பெயர் கிரேக்க சூரிய தேவன் அப்போலோவின் பெயரைப் போல் இருக்கிறது. அவருக்கு 4 சகோதரர்கள். அவை 4 பருவங்கள். 3 சகோதரிகள், அவர்கள் கிரேக்கக் கதைகளில் வரும் 3 தேவதைகள். அவருக்குக் கீழ் 12 தளபதிகள். அவை 12 ராசிகள். கிழக்கே எகிப்தில் இருந்து வந்து ஆட்சியைப் பிடித்தார். மேற்குக் கடலில் ஒரு தீவில் மறைந்தார். இது சூரியனின் உதயமும் அஸ்தமனமும்தானே!

ஐரோப்பா சிரித்தது. ஒற்றுமைகளை அடுக்கிக் காட்டுவது மட்டும் ஆதாரம் ஆகாது என்பது அந்தச் சிரிப்பில் விளங்கியது.

பெர்லினில் பெரிய விவாதம்

ஆனால் பிரச்சினை அதோடு முடியவில்லை.

ஆர்தர் ட்ரூஸ் என்ற ஜெர்மன் தத்துவப் பேராசிரியர் 1909-ல் "கிறிஸ்து என்னும் புராணம்" என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். 1910-ம் ஆண்டு ஜனவரி 31, பிப்ரவரி 1 ஆகிய இரு நாட்களிலும், பெர்லின் மிருகக்காட்சிசாலையில் உள்ள மண்டபத்தில் "ஏசு வாழ்ந்தாரா?" என்று பகிரங்க விவாதமே நடந்தது. ரஷியாவில் புரட்சி நடந்த பிறகு ட்ரூஸின் நூல் அங்கும் பரவியது.

ட்ரூஸ் போன்றவர்களின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது.

ஏசு தம் கையால் எழுதிய ஒரு வரிகூட இல்லை. அவர் வாழ்ந்தபோதே அவரைப் பற்றி எழுதப்பட்ட ஏடும் கிடைக்கவில்லை. எகிப்தில் அலெக்சாந்திரியா நகரில் பைலோ என்ற யூத அறிஞர் அதே காலத்தில் வாழ்ந்தார். ரோம கவர்னர் பிலாத்துவின் கொடுமைகளைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். ஏசுவைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

சுவிசேஷங்கள் நான்கும் பிற்பட்டவை. முதலாவதான மாற்கு சுவிசேஷம் கி.பி. 70-ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. சம்பவம் நடந்து சுமார் 40 ஆண்டுகளுக்குப் பிறகு, நம்பிக்கை உள்ளவர்கள் எழுதியதை எப்படிச் சாட்சியாக ஏற்பது? இதுதான் அவர்களின் கேள்வி. நியாயமான கேள்வி.

விரோதியின் சாட்சி

வேண்டியவர்கள் சொல்வதை விட்டுவிடுவோம். வேண்டாதவர்கள் என்ன சொன்னார்கள்?

டாசிடஸ் என்ற ரோம சரித்திர ஆசிரியர் கி.பி. 116-ஐ ஒட்டி எழுதினார். கி.பி. 64-ல் ரோம் நகரம் தீப்பற்றி எரிந்தது. பழி மன்னன் நீரோ மீது விழுந்தது. அதைத் திருப்பிவிட நீரோ கிறிஸ்தவர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்தான் என்று டாசிடஸ் எழுதுகிறார்.

யார் இந்தக் கிறிஸ்தவர்கள் என்று விளக்கும் இடத்தில், இந்தப் பெயருக்குக் காரணமான கிறிஸ்து என்பவன், திபேரியஸ் ஆட்சியில் பொந்தியு பிலாத்துவால் மரண தண்டனை அடைந்தவன் என்று குறிப்பிடுகிறார்.

டாசிடசுக்குக் கிறிஸ்தவர்களைக் கண்டால் ஆகாது. அதை விஷக் கொள்கை என்றே கருதினார். அவர்களுக்கு உதவி செய்ய இதை எழுதவில்லை.

டாசிடஸ் இதைக் கிறிஸ்தவர்களிடமே கேட்டு எழுதியிருக்கலாமே என்று மறுப்பவர்கள் கேட்கிறார்கள். இருக்கலாம். அதனால் இந்த ஒரு சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

வேறு மையில் எழுதிய வரி

அடுத்த சாட்சி ஜோசிபஸ். யூதர். கி.பி. 37-ல் பிறந்தவர். ஜெருசலேமில் வளர்ந்தவர். ரோமர்களை எதிர்த்துப் போரிட்டு, பிறகு அவர்கள் பக்கமே சேர்ந்துகொண்டவர். யூதர்களின் சரித்திரத்தைக் கி.பி. 93-ஐ ஒட்டி எழுதி முடித்தார்.

அந்த நூலின் 18-ம் பாகத்தில் ஏசுவைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. அதில் ஏசுவைக் கிறிஸ்து என்றே ஒப்புக்கொள்வதுபோலவும், அவர் மூன்றாம் நாள் உயிரோடு தோன்றியதாகவும் எழுதியிருக்கிறது.

இதைக் கேட்டதும் யாருக்கும் சந்தேகம் வரும். அப்படி நம்பியிருந்தால் ஜோசிபஸ் கிறிஸ்தவராக அல்லவா ஆகியிருக்க வேண்டும்? அவர் கடைசி வரை யூதராகவே இருந்தார். ஜோசிபஸ் ஏசுவைக் கிறிஸ்து என்று நம்பவில்லை என்று 3-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞரே எழுதியிருக்கிறார்.

அப்படியானால் இது என்ன? பைலில் யாரோ பின்னால் சேர்த்த வரிகள்!

அந்தக் காலத்தில் அச்சு கிடையாது. பார்த்துப் பார்த்துக் கையால் நகல் எழுத வேண்டும். நகல் எழுதிய கிறிஸ்தவர் எவரோ பக்தியில் இந்த வரிகளைச் சேர்த்துவிட்டார் என்பது இன்று ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

பத்தி முழுவதுமே போலியா, அல்லது ஜோசிபஸ் எழுதிய சில வரிகளோடு புது வரிகள் கலந்துவிட்டனவா என்பதில்தான் கருத்து வேற்றுமை. 10-ம் நூற்றாண்டில் அரபு மொழியில் எழுதப்பட்ட ஒரு நூலில் இதே பத்தி வேறு விதமாக, அடக்கமான சொற்களில் இருப்பதை ஷ்லோமோ பைன்ஸ் என்ற அறிஞர் 1971-ல் வெளியிட்டார். மூலத்தில் ஏதோ சில வரிகள் இருந்தன, பிறகு ஊதிப் பெரிதாக்கப்பட்டன என்பதே பெரும்பாலோர் கருத்து.

தம்பியின் மரணம்

அதே நூலின் 20-ம் பாகத்தில் ஒரு சிறிய குறிப்பு இருக்கிறது. அதில் பக்தியும் இல்லை, அற்புதமும் இல்லை.

கி.பி. 62. ரோம கவர்னர் இறந்துபோனார். புது கவர்னர் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில், தலைமைக் குரு அனானுஸ் என்பவர் சபையைக் கூட்டிச் சிலரைக் கல்லால் அடித்துக் கொல்ல ஏற்பாடு செய்தார். அதில் ஒருவர் யாக்கோபு. கிறிஸ்து எனப்படும் ஏசுவின் சகோதரர். இந்த அத்துமீறலுக்காக அனானுஸ் பதவியை இழந்தார்.

ஏசு என்பது அந்நாளில் யூதர்களிடையே சர்வ சாதாரணமான பெயர். நம் ஊரில் முருகன், கணேசன் போல. ஜோசிபஸ் நூல்களிலேயே அந்தப் பெயருள்ளவர்கள் பலர் வருகிறார்கள். எந்த ஏசு என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் "கிறிஸ்து எனப்படும்" என்று அடையாளம் சொல்கிறார். கிறிஸ்தவர் சேர்த்த வரியானால் "எனப்படும்" என்று ஒதுங்கி நின்று சொல்லமாட்டார்.

இதையும் மறுப்பவர் உண்டு. அந்த அடையாளச் சொல்கூடப் பிறகு சேர்ந்தது என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான அறிஞர்கள் இதை ஜோசிபஸ் எழுத்து என்றே ஏற்கிறார்கள்.

இதே யாக்கோபுவைப் பற்றி இன்னொருவர் எழுதியிருக்கிறார். அவர் பவுல். அவருடைய கடிதங்கள் கி.பி. 50-களில் எழுதப்பட்டவை. சுவிசேஷங்களுக்கும் முற்பட்டவை. கலாத்தியா நாட்டுச் சபைகளுக்கு எழுதிய கடிதத்தில், தாம் ஜெருசலேமுக்குப் போய் பேதுருவோடு 15 நாள் தங்கியதாகவும், அங்கே ஆண்டவரின் சகோதரர் யாக்கோபுவைப் பார்த்ததாகவும் குறிப்பிடுகிறார்.

சகோதரர் என்றால் உடன்பிறந்தவரா? கத்தோலிக்கர்கள், நெருங்கிய உறவினர் என்று பொருள் கொள்கிறார்கள். பெரியப்பா மகனையும் சித்தப்பா மகனையும் அண்ணன், தம்பி என்று அழைக்கும் நமக்கு இது புதிதல்ல. உறவு எதுவானாலும், சரித்திர ஆசிரியர்களுக்கு முக்கியமானது ஒன்றுதான். கற்பனைப் பாத்திரத்துக்கு, நேரில் பார்த்துப் பேசக்கூடிய உறவுக்காரர் இருக்க முடியாது.

கவர்னருக்கே ஒரு கல்தான்!

இத்தனை பெரிய மனிதர் என்றால் கல்வெட்டு, அரசாங்கப் பதிவு ஏதாவது இருக்க வேண்டாமா?

இதற்குப் பதிலைப் பூமியே கொடுத்தது.

1961-ல் மத்திய தரைக் கடலோரம் உள்ள செசரியா என்ற இடத்தில் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் அகழ்ந்தார்கள். ரோமர் காலத்து நாடக அரங்கில், படிக்கல்லாகப் போட்டிருந்த ஒரு கல் கிடைத்தது. திருப்பிப் பார்த்தால் அதில் லத்தீன் எழுத்துக்கள். பாதி சிதைந்திருந்தன. ஆனாலும் பிலாத்து என்ற பெயரைப் படிக்க முடிந்தது.

பிலாத்து யார்? அந்த நாட்டைக் கி.பி. 26 முதல் 36 வரை 10 ஆண்டுகள் ஆண்ட கவர்னர். கையில் பட்டாளம். பின்னால் ரோம சாம்ராஜ்யம். தன் பெயரைக் கல்லில் வெட்டிவைக்க வசதி உள்ளவர். அவர் பெயர் பொறித்த கல்லாகக் கிடைத்திருப்பது அது ஒன்றுதான். அதையும் பிற்காலத்தார் படிக்கட்டுக்குப் பயன்படுத்திவிட்டார்கள்!

கவர்னரின் கதி இது என்றால், மலைக்கிராமத்துத் தொழிலாளிக்குக் கல்வெட்டு எங்கிருந்து வரும்?

ஏசுவின் தொழிலைக் குறிக்கச் சுவிசேஷத்தில் வரும் கிரேக்கச் சொல், தச்சருக்கும் பொருந்தும், கட்டட வேலை செய்கிறவருக்கும் பொருந்தும். அவர் ஊர் நாசரேத் ஒரு குக்கிராமம். பழைய ஏற்பாட்டில் அதன் பெயர் இல்லை. ஜோசிபசும் அதைக் குறிப்பிடவில்லை. அப்படி ஒரு ஊரே அப்போது இல்லை என்றுகூடச் சிலர் எழுதினார்கள். 2009-ல் அங்கே தோண்டியபோது, ஏசு காலத்தைச் சேர்ந்த ஒரு எளிய வீட்டின் சுவர்கள் வெளிப்பட்டன.

ஆவணங்களின் கதியோ இன்னும் மோசம். கி.பி. 66-ல் ரோமருக்கு எதிராகக் கலகம் தொடங்கியபோது, ஜெருசலேமில் கடன் பத்திரங்கள் இருந்த ஆவணக் கட்டடத்தையே கலகக்காரர்கள் கொளுத்திவிட்டார்கள். கி.பி. 70-ல் ரோமர்கள் நகரத்தையே தரைமட்டம் ஆக்கினார்கள். மிஞ்சியது கொஞ்சம்.

சிலுவைத் தண்டனை சாதாரணமாக நடந்தது. கி.மு. 4-ல் வாருஸ் என்ற ரோம அதிகாரி கலகக்காரர்கள் சுமார் 2,000 பேரைச் சிலுவையில் அறைந்ததாக ஜோசிபஸ் எழுதுகிறார். அந்த நாட்டில் அப்படி இறந்தவர்களில் ஒருவருடைய எலும்புதான் ஆணியோடு கிடைத்திருக்கிறது. 1968-ல் ஜெருசலேம் அருகே ஒரு கல்லறையில் எடுத்த குதிகால் எலும்பு அது. ஆணியின் நுனி வளைந்து எலும்பிலேயே சிக்கிக்கொண்டதால்தான் அதுவும் மிஞ்சியது. மற்றவர்களின் அடையாளமே இல்லை. அதனால் அவர்கள் வாழவில்லை என்று சொல்லிவிட முடியுமா?

மறைக்க விரும்பியும் மறைக்க முடியாதவை

சரித்திர ஆசிரியர்கள் இன்னொரு உரைகல்லையும் பயன்படுத்துகிறார்கள். தலைவரைப் பற்றிக் கதை கட்டுகிறவன் தனக்குச் சாதகமாகத்தான் கட்டுவான். சங்கடமான விஷயத்தைச் சேர்க்கமாட்டான்.

ஏசுவின் கதையில் சங்கடங்கள் நிறைய.

யோவான் என்பவரிடம் ஏசு ஞானஸ்நானம் பெற்றார். பாவிகள் மனம் திருந்திப் பெறுவது அது. பாவமே இல்லாதவர் என்று தொண்டர்கள் வணங்கும் தலைவர் அதை ஏன் பெற வேண்டும்? இதற்குச் சமாதானம் சொல்லச் சுவிசேஷங்கள் பாடுபடுகின்றன.

மீட்பர் தாவீது மன்னனின் ஊரான பெத்லகேமில் பிறப்பார் என்பது எதிர்பார்ப்பு. ஏசுவையோ ஊர் அறிந்தது நாசரேத்துக்காரர் என்று. மத்தேயு, லூக்கா ஆகிய இரு சுவிசேஷங்களும் அவர் பெத்லகேமில் பிறந்து நாசரேத்தில் வளர்ந்ததாகச் சொல்கின்றன. ஆனால் எப்படி என்பதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கின்றன. கற்பனை ஆள் என்றால் நாசரேத்தை இழுக்கவே தேவை இல்லை. பேசாமல் பெத்லகேம்காரர் என்றே எழுதியிருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலானது சிலுவை. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோமர்கள் கொடுத்த கேவலமான தண்டனை அது. வெற்றி வீரனாக வரும் மீட்பரை எதிர்பார்த்திருந்த மக்களிடம், "எங்கள் மீட்பர் சிலுவையில் செத்தார்" என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கவும் செய்தார்கள். அது நடந்த சம்பவம். அதனால்தான் தொண்டர்களால் அதை விட முடியவில்லை.

தேதி மட்டும் தவறு

இவ்வளவு சொன்னதால், வழக்கத்தில் உள்ள எல்லாமே சரித்திரம் என்று ஆகிவிடாது.

டிசம்பர் 25 என்ற தேதி சுவிசேஷங்களில் இல்லை. ரோமில் கி.பி. 354-ம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பஞ்சாங்கத்தில்தான் அது தெளிவாகக் காணப்படுகிறது.

ஆண்டுக் கணக்கும் பிசகுதான். கி.பி. 525-ல் டயோனிசியஸ் என்ற துறவி போட்ட கணக்கு அது. ஏரோது மன்னன் காலத்தில் ஏசு பிறந்தார் என்று சுவிசேஷம் சொல்கிறது. ஏரோது இறந்ததோ கி.மு. 4-ல். ஆகவே "கிறிஸ்துவுக்கு முன்" 4-ம் ஆண்டிலோ அதற்கும் முன்போ கிறிஸ்து பிறந்திருக்க வேண்டும்!

தீர்ப்பு என்ன?

பண்டைய சரித்திரத்தை ஆராயும் அறிஞர்களில் மிகப் பெரும்பாலோர் இன்று ஒப்புக்கொள்வது இது: கலிலேயா நாட்டில் ஏசு என்ற மனிதர் வாழ்ந்தார். யோவானிடம் ஞானஸ்நானம் பெற்றார். போதனை செய்தார். பிலாத்துவின் ஆட்சியில் சிலுவையில் கொல்லப்பட்டார்.

இப்படிச் சொல்பவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் இல்லை. யூதர்கள் இருக்கிறார்கள். கடவுள் நம்பிக்கை அற்றவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கப் பேராசிரியர் பார்ட் எர்மன் கிறிஸ்தவ நம்பிக்கையை விட்டு விலகியவர். ஆனால், ஏசு வாழ்ந்தது உண்மைதான் என்று 2012-ல் ஒரு தனி நூலே எழுதினார். மறுப்பவர்களும் ஓயவில்லை. ரிச்சர்ட் கேரியர் என்பவர் 2014-ல் மறுத்து ஒரு பெரிய நூல் எழுதினார். அவர் பக்கம் நிற்பவர்கள் மிகச் சிலரே.

இதற்கு மேல் சரித்திரம் போகாது. அற்புதங்கள் செய்தாரா, மூன்றாம் நாள் உயிர்த்தாரா, கடவுளின் மகனா என்பதற்கு அகழ்வாராய்ச்சியில் விடை கிடைக்காது. "வாழ்ந்தார்" என்பதை வைத்து "தெய்வம்" என்று நிரூபித்துவிட்டதாக விசுவாசி சொல்ல முடியாது. "தெய்வம் என்பதை நான் ஏற்கவில்லை" என்பதை வைத்து "வாழவே இல்லை" என்று பகுத்தறிவாளரும் சொல்ல முடியாது.

இதை அன்றே உணர்ந்தவர் ஆல்பர்ட் சுவைட்சர். ஏசுவைப் பற்றிய ஆராய்ச்சிகளைத் திரட்டி 1906-ல் புகழ்பெற்ற நூல் ஒன்றை வெளியிட்டவர். 1913-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ட்ரூஸ் போன்றவர்களுக்கு விரிவாகப் பதில் எழுதினார். ஏசு வாழ்ந்தார் என்பதே பொருத்தமானது என்றார். அதே சமயம், மதம் தன் அஸ்திவாரத்தைச் சரித்திர ஆதாரத்தின் மேல் மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது என்றும் எச்சரித்தார். அதே ஆண்டில் ஆப்பிரிக்காவில் லாம்பரீன் என்ற இடத்துக்கு டாக்டராகப் போய், ஆஸ்பத்திரி கட்டி ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1965-ல் அங்கேயே இறந்தார்.

எழுதிவைக்க வசதி இல்லாத ஏழையும் சரித்திரத்தில் வாழ்ந்திருக்கிறான். அவனுக்குச் சாட்சி கல்வெட்டில் கிடைக்காது. உறவினர் பெயரில், விரோதியின் வசவில், மறைக்க முடியாத அவமானத்தில்தான் கிடைக்கும். நாசரேத்துத் தச்சருக்கு அந்த மூன்றுமே கிடைத்திருக்கின்றன.

தன் பெயரைக் கல்லில் வெட்டிவைத்த கவர்னரை இன்று உலகம் அறிந்திருப்பதும், அவர் சிலுவைக்கு அனுப்பிய அந்தத் தச்சரால்தான்.